பதினோரு பெட்டிகளும் ஒரு ஜாலராவும்

காஜா பேராங், மலாக்கா
3 மார்ச் 1957

அன்பு மகள் மல்லிகாவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் நானும் அம்மாவும் சௌக்கியம். அந்த ஊர்க் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று விவரமாக எழுது. கெர்க்பி கல்லூரியில் மலாயாப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று நீ எழுதியதை உன் அம்மா நம்பவில்லை. கருவாடு பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். தபால்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான் என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை.

இனி முக்கியமான செய்தி. ஒன்பதாவது பெட்டி வந்துவிட்டது. சிரிக்காதே.

புக்கிட் பாருவில் குடியிருந்த இன்ஜினியர் துரை சீமைக்குத் திரும்புகிறார். ஆகஸ்டில் நாடு நம் கைக்கு வருகிறதல்லவா, ஒவ்வொரு துரையாக மூட்டை கட்டுகிறார்கள். போன ஞாயிறு அவர் வீட்டு வாசலில் லேலோங். ஐஸ் பெட்டியையும் சாப்பாட்டு மேசையையும் சீன முதலாளிகளான தவுக்கேமார் போட்டி போட்டு ஏலம் கேட்டார்கள். மூலையில் ஒரு ரேடியோகிராம் நின்றது. மேலே இசைத்தட்டு சுழலும் இடம், கீழே ரேடியோ, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய மரப்பெட்டி. ஒரு கதவு இல்லாததால் யாரும் அதைச் சீந்தவில்லை. நான் கையைத் தூக்கினேன். இரண்டு கோழி விலைக்கு விழுந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பிள்ளைகள் கல்யாண ஊர்வலம் போலப் பின்னால் வந்தார்கள்.

ஆனால் சோதனையில் அதுவும் தோற்றது. வழக்கம்போல நம் நாகசுரத் தட்டைத்தான் போட்டேன். நாகசுரம் கம்பீரமாக வந்தது, தவில் அதிர்ந்தது. ஜாலரா மட்டும் இல்லை. 1938-இல் அந்தத் தட்டை வாங்கியபோது, சாவி கொடுக்கும் என் சின்ன கிராமபோனிலேயே அந்த ஜாலரா 'ணிங், ணிங்' என்று தனியாக நின்று கேட்கும். ஜப்பான்காரன் காலத்தில் கிராமபோனை அரிசிக்கு மாற்றினோம். தட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் பிழைத்துக் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன், தட்டும் போடக்கூடிய ரேடியோப் பெட்டிகளில் முதலாவதை வாங்கிய நாளிலிருந்து அந்த ஜாலராவைத் தேடுகிறேன். தட்டு தேய்ந்துவிட்டதோ என்று பினாங்கிலிருந்து அதே தட்டைப் புதிதாக வரவழைத்தும் போட்டாயிற்று. எந்தப் பெட்டியிலாவது அது இருக்கத்தான் வேண்டும். சாவதற்குள் ஒரு முறை அதைக் கேட்டுவிட வேண்டும் மல்லிகா.

பெட்டி வந்த கோபத்தில் உன் அம்மா இப்போதெல்லாம் முணுமுணுப்பாகவே பேசுகிறாள். என்ன என்று திருப்பிக் கேட்டால் "ஒன்னுமில்ல" என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. மாணிக்கவாசகம்


கெர்க்பி, லிவர்பூல்
19 மார்ச் 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மல்லிகாவின் வணக்கம். குளிருக்கு இரண்டு காலுறையும் மூன்று சட்டையும் போட்டுக்கொண்டு உருண்டையாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள், கருவாடு வந்தால் நான்தான் இந்த விடுதிக்கு ராணி.

ஒன்பதா அப்பா? நான் கப்பல் ஏறும்போது ஏழுதானே இருந்தது? படிப்பு முடிந்து திரும்பி வந்தால் எனக்குப் படுக்க இடம் இருக்குமா, ரேடியோகிராமுக்குள் சுருண்டுகொள்ள வேண்டுமா? கேலிதான், ஆனாலும் ஒன்றை உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. புதிதாக ஒரே ஒரு நல்ல பெட்டி வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. அடுத்தவர் கழித்துப் போட்டதில் அப்படி என்ன இருக்கிறது?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. சனிக்கிழமை லிவர்பூலில் ஒரு பழைய சாமான் கடையைப் பார்த்தேன். கூரை வரை ரேடியோக்கள். நம் வீட்டு நான்காவது பெட்டியின் கூடப்பிறந்தது ஒன்று பூனைக்கு மெத்தையாக இருந்தது. இங்கே எல்லோரும் டெலிவிஷன் வாங்குகிறார்களாம், இவற்றை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. நான் மழையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரக் கிழவர் கதவைத் திறந்து, "உள்ளே வந்து பார் பெண்ணே, காசு கேட்க மாட்டேன்" என்றார். உங்களைப் பற்றிச் சொன்னேன். மலாயாவில் தமக்கு ஒரு சகோதரர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்றார்.

அன்பு மகள்
மல்லிகா


காஜா பேராங், மலாக்கா
7 ஏப்ரல் 1957

அன்பு மகளுக்கு,

உன் கேள்வியை மூன்று முறை படித்தேன். இதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. திட்டியிருக்கிறார்கள், கேட்டதில்லை.

புதுப் பெட்டி என்றால் அதைப் பற்றிக் கடைக்காரன்தான் பேசுவான். பழைய பெட்டியை நாமே துருவிப் பார்க்கலாம். பின்பலகையின் திருகாணியைக் கழற்றினால் போதும். ஒன்பதாவதின் உள்ளே ஒரு கொண்டை ஊசியும், ஒரு பீங்கான் நாய்க்குட்டியும், கறையான் தின்ற வாழ்த்து அட்டையும் இருந்தன. துரை வீட்டுக் குழந்தை, உள்ளே பாடுகிறவருக்குத் துணையாக அந்த நாயை அனுப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். நான்காவதில் டயல் கண்ணாடியில் ஒரே ஒரு பென்சில் கோடு. அந்த வீட்டார் வேறு நிலையம் கேட்டதே இல்லை. ஐந்தாவதிலோ திருகு முழுக்க வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. பொழுது போகாத யாரோ ஒருவன் உலகத்தையே திருகிப் பார்த்திருக்கிறான்.

பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். வால்வுகள் மெல்லச் சிவக்கும். சூடேறிய தூசியின் வாசனை வரும். அரை நிமிஷம் ஒரு சத்தமும் இருக்காது. இது எப்படிப் பேசப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த அரை நிமிஷம் எனக்குப் போதும். பொதுப்பணி இலாகா ஸ்டோரில் இருபத்துநான்கு வருஷமாகக் கல் உடைக்கும் யந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆணியும் தாரும் எண்ணுகிறவனுக்கு வேறு என்ன ஆச்சரியம் இருக்கிறது, சொல். மலிவாகக் கிடைப்பதும் ஒரு சந்தோஷம்தான். பத்துப் பேர் வேண்டாம் என்று தள்ளியதில் நல்லதைக் கண்டுபிடிப்பவன் நான் ஒருவன் அல்லவா.

பத்தாவது பெட்டியை ஹனீபா பாய் கொடுத்தார். பண்டார் ஹிலிரில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறாரே, உனக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாரே, அவர்தான். அதிலும் ஜாலரா இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. விசாரிக்கிறேன்.

நகராட்சிக்காரர்கள் வந்து வீட்டுக்கு வீடு கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பல்லி சொல்வதே இல்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது சகுனம் சொல்ல வீட்டில் ஆளில்லை.

உன் அப்பா
க. மாணிக்கவாசகம்


கெர்க்பி
5 மே 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறைத்தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "உன் அப்பாவுக்கு வேறு மகள் தேவையா, நான் வருகிறேன்" என்கிறாள்.

லிவர்பூல் கிழவரிடம் ஜாலரா விஷயத்தைச் சொன்னேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஒலி எப்படித் தொலையும் என்று அவருக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டோரில் எழுதுவதுபோல அட்டை எழுதி வைத்திருப்பீர்களே, அவற்றை நகல் எடுத்து அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொல்வார். கருவாடு வந்தது. ஒரு வாரம் எங்கள் மாடிக்கு யாரும் வரவில்லை.

அன்பு மகள்
மல்லிகா


காஜா பேராங், மலாக்கா
9 ஜூன் 1957

அன்பு மகளுக்கு,

அட்டைகளின் நகல் இத்துடன் இருக்கிறது. செமாபோக்கில் ஒரு ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மா சீமைக்குப் போகும்போது லேலோங்கில் எடுத்த பதினோராவதையும் சேர்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், மாற்றிய வால்வு, போட்ட ஊசி, எல்லாம் உண்டு. 'குறை' என்ற கட்டத்தில் எல்லா அட்டையிலும் ஒன்றே எழுதியிருக்கும்: மேல் ஒலி, அதாவது ஜாலரா, இல்லை. கிழவர் என்ன சொல்கிறார் என்று உடனே எழுது. அவர் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெட்டியை எந்த ஊர் லேலோங்கிலும் தேடிப் பிடித்துவிடுவேன்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. ஹனீபா பாய்க்கும் எனக்கும் பேச்சு நின்றுவிட்டது. பத்தாவது பெட்டியின் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிக் கொடுத்துவிட்டீர்களா என்று அவரையே கேட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் தட்டை வாங்கிப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஜாலரா நல்லாத்தாங்க கேக்குது. நீங்க என்னா சொல்றீங்கன்னே வெளங்கல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாமானில் குறையை வைத்துக்கொண்டு, இல்லாத ஒலியை இருக்கிறது என்று சாதிக்கிறார். பதினைந்து வருஷப் பழக்கம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைப் பாதி பாதியாகப் பகிர்ந்து தின்ற மனிதர். வியாபாரி கடைசியில் வியாபாரிதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

உன் அப்பா
க. மாணிக்கவாசகம்


கெர்க்பி
1 ஜூலை 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

அட்டைகளை ஆங்கிலத்தில் எழுதிக் கிழவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினொன்றையும் படித்தார். இவ்வளவு ஒழுங்காக எழுதும் மனிதரைத் தம் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு கேட்டார்.

"இத்தனையையும் சோதித்தது யார்?"

"அப்பா."

"வேறு யாரும் கேட்டுப் பார்க்கவில்லையா?"

"இல்லை."

"அவருக்கு என்ன வயது? என்ன வேலை?"

ஐம்பத்திரண்டு என்றேன். கல் உடைக்கும் யந்திரத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் அட்டைகளை அடுக்கி என் கையில் கொடுத்தார். "நான் கப்பல் கட்டும் துறையில் இரும்பாணி அடித்தவன். குருவிச் சத்தம் கேட்டுப் பத்து வருஷமாகிறது. பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை பெண்ணே" என்றார்.

அப்பா, சிமெண்டு மூட்டைக் கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மூன்று வியாபாரிகளிடம் வந்த மூட்டைகள் எல்லாவற்றிலும் அதே இரண்டு ராத்தல் குறைந்தது. எல்லோரும் வியாபாரிகளைத் திட்டியபோது, தராசைச் சோதியுங்கள் என்று சொன்னவர் நீங்கள். பதினோரு பெட்டி, ஆறு கம்பெனி, ஒரே குறை. அம்மா முணுமுணுப்பதும், பல்லி சொல்லாததும், ஹனீபா மாமாவுக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காததும் ஒரே குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சாட்சி சொல்ல முடியாது. நீங்கள் தட்டு போடும்போதெல்லாம் பாடப் புத்தகத்தோடு பின்வாசலுக்கு ஓடிவிடுவேன். அம்மா வீட்டிலேயே இருக்கிறார். ஒரே ஒரு முறை அம்மாவைக் கூப்பிட்டு, ஜாலரா கேட்கிறதா என்று கேளுங்கள். பிறகு காது டாக்டரிடம் போங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு மகள்
மல்லிகா


காஜா பேராங்
21 ஜூலை 1957

மல்லிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் காது நன்றாக இருக்கிறது. லிவர்பூலில் பூனைக்கு ரேடியோவை மெத்தையாகப் போட்டவன் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவைக் கேட்கச் சொல்கிறாய். நாகசுரத்துக்கும் நாராசத்துக்கும் வித்தியாசம் அவளுக்கு என்ன தெரியும்? நீ போன காரியம் படிப்பு. அதைக் கவனி.

க. மாணிக்கவாசகம்


கெர்க்பி
22 செப்டம்பர் 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூலைக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. மெர்டேக்கா விடுதலை நாளன்று இங்கே எல்லோரும் கூடி நம் கொடியை ஏற்றினோம். எல்லோரும் ஆடிப் பாடினார்கள். எனக்கு உங்கள் நினைப்புதான்.

நான் சொன்னது தப்பாக இருந்தால் தப்பு என்று எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். சுகம் என்று அம்மா எழுதிய தபால் அட்டை வந்தது. அதில் உங்களைப் பற்றி, "அப்பா பெட்டி எதையும் போடுறதில்ல, சும்மா ஒக்காந்திருக்காங்க" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை.

மல்லிகா


காஜா பேராங், மலாக்கா
10 நவம்பர் 1957

என் கண்ணு மல்லிகாவுக்கு,

உன் ஐந்து கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமில்லை. இத்தனை மாதம் ஆனதுதான் வெட்கம்.

மெர்டேக்கா அன்று காலை ரேடியோகிராமை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். நம் தெருவில் பாதி வீட்டில் ரேடியோ இல்லை. பக்கத்துச் செட்டிக் கம்பம் குடியிருப்பிலிருந்தும் சீனக் கடையிலிருந்தும் எல்லோரும் வந்துவிட்டார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்குத் திருகி வைத்தேன். பிரகடனம் படித்து முடித்து 'மெர்டேக்கா' என்று முழக்கம் வந்தபோது பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தார்கள். செட்டிக் கம்பத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். உன் அம்மா வந்து திருகைப் பாதிக்குக் குறைத்தாள். சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் திரும்பி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ரேடியோ பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. மற்றவர்கள் கைதட்டும்போது நானும் தட்டினேன்.

அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இரண்டு மாதம் தைரியம் வரவில்லை. டாக்டர், தட்டினால் அதிரும் இரும்புக் கவைகளை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்தார். பெரியவை கேட்டன. சின்னதைத் தட்டிப் பிடித்தார். அது அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. "தட்டுங்கள்" என்றேன். "தட்டிவிட்டேன்" என்றார். யந்திரச் சத்தம் செய்த வேலையாம். போனது திரும்பாது, இனி யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வரவில்லை, நேரே ஹனீபா பாய் கடைக்குத்தான் போனேன். அன்று நாலு பேர் முன்னால் பழி சொன்னேன் அல்லவா, இந்த முறையும் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன்: "பாய், ஒங்க ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். என் காதுதான் கெட்டுப்போச்சு." அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இத சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க? மொதல்ல தே தண்ணி குடிங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது.

மறுநாள் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து நின்றாள். முதல் பெட்டியில் தட்டைப் போட்டு, "இதுல ஜாலரா கேக்குதா அஞ்சலை?" என்றேன்.

"அந்த ணிங் ணிங்கா? கேக்குதே."

எடுத்து இரண்டாவதில் போட்டேன். கேட்கிறது என்றாள். மூன்றாவதில் போடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எல்லாத்துலயும்தான் கேக்குது. இந்த மூணாவதுலதான் ரொம்ப நல்லா கேக்கும், அடுப்படி வரைக்கும் வரும். நீங்க தட்டு போடும்போது நான் நடுக்கதவ சாத்துறதே இல்ல."

ஏழு வருஷமாக நான் ஊர் ஊராகத் தேடியதை அவள் குழம்பு கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது மல்லிகா. "கேட்டுச்சுன்னா சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நீங்க எதத் தேடுறீங்கன்னு எங்கிட்ட சொன்னாத்தானே?" என்றாள்.

நினைத்துப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஹனீபா பாயிடம் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத லிவர்பூல் கிழவருக்குக்கூட அட்டை எழுதி அனுப்பியிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நேற்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். டாக்டர் சொன்னபடி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னா இப்படிப் பாக்குறீங்க? கல்யாணத்தன்னிக்குக்கூடப் பாக்கல" என்றாள்.

"பாத்தாத்தான் எனக்குக் கேக்கும். நீ பேசு" என்றேன்.

முதலில் அரிசி விலையைப் பேசினாள். பிறகு உன்னைப் பற்றி, பிறகு எங்களுக்கு முதலில் பிறந்து பத்து நாளில் போன பையனைப் பற்றி. அவன் பேச்சை அவள் எடுத்து நான் கேட்டதே இல்லை. விளக்கு வைக்கும் வரை பேசினாள். இவளுக்குள் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்று இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது மல்லிகா.

உன் அப்பா